முனைவர் பட்டத்துக்கு இடம் தேடும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

எம்.எஸ்சி. முடித்துவிட்டு அடுத்து பிஎச்.டி. என்று நினைக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் இப்போது நிறையப் பேர். கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம், அந்தப் பக்கம் தொண்டி வரை. விலங்கியல், தாவரவியல், கடல் உயிரியல், வேதியியல் என்று ஏதோ ஒன்று படித்தவர்கள். பாதிப் பேர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரி. எங்கே சேரலாம் என்று கேட்டால் சொந்தக்காரர் முதல் கல்லூரிப் பேராசிரியர் வரை எல்லோரும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்வார்கள். அங்கே யாரிடம், என்ன தலைப்பில், யார் பணத்தில் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் காலமும், கட்டணம், விடுதி, பயணம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் பணமும் போன பிறகுதான் இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது.

என் அத்தா, அதாவது அப்பா, சங்கு குளித்தவர். 2001-க்கு முன்பு கடலடியில் வாழும் மெத்தென்ற உடல் கொண்ட கடல் அட்டைக்கும் குளித்தார். கடல் அட்டையை அவித்து, மண்ணில் புதைத்து, காயவைத்து ஏற்றுமதிக்குக் கொடுப்பது எங்கள் ஊர்களில் பெரிய தொழிலாக இருந்தது. 2001-ல் மத்திய அரசு எல்லா வகைக் கடல் அட்டையையும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அன்றோடு அந்தத் தொழில் குற்றமாகிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் முதல் ஆய்வுத் தலைப்பே கடல் அட்டைதான்.

2021-ல் சேர்ந்தேன். கடலில் இருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், வடக்கே இருக்கும் பெரிய பல்கலைக்கழகம் அது. கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டியின் நல்ல மதிப்பெண், மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் நல்ல இடம். எங்கள் வீட்டில் பூரித்துப் போனார்கள். நேர்காணலில் கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, ரொம்ப அன்பாகப் பேசினார். "நீ கடற்கரைப் பொண்ணு, உனக்குக் கடல் தலைப்பு கொடுக்காம யாருக்குக் கொடுக்கப் போறேன்" என்றார். கடல் அட்டையில் இருக்கும் மருத்துவக் குணமுள்ள வேதிப்பொருட்கள் என்று தலைப்பு முடிவானது. ஆய்வை மேற்பார்க்கும் குழுவின் கூட்டமான டி.சி. மீட்டிங்கில் உட்கார்ந்த பேராசிரியர்களும் சரி என்று கையெழுத்துப் போட்டார்கள். உயிரைப் பிடிக்க யார் அனுமதி வாங்குவது என்று அந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆய்வுக்கு முன் படித்துத் தேர்வெழுத வேண்டிய கோர்ஸ் ஒர்க் முடிந்தது. மாதிரி எடுக்க வேண்டிய நேரம் வந்தபோது கைடு எங்கள் பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் வந்தேன். அங்கே இருந்த அதிகாரி நிதானமாக உட்காரவைத்து விளக்கினார். இது இங்கே முடிகிற காரியம் இல்லை. மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு நிறுவனத்தின் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். முதல் அட்டவணை உயிர் என்பதால் மத்திய அரசின் முன்அனுமதியும் வேண்டும். எத்தனை உயிர், எந்த இடம், எந்த முறை, எதற்காக என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றார். திரும்பிப் போய்ச் சொன்னேன். விண்ணப்பம் தயார் செய்து துறையில் கொடுத்தேன். அது மாதக்கணக்கில் ஒரு மேசையில் இருந்து அடுத்த மேசைக்குக்கூடப் போகவில்லை. கடைசியில் கைடு என்னைக் கூப்பிட்டு, "இதுக்கெல்லாம் காத்திருந்தா முடியாதும்மா. உங்க ஊர்ல கேட்டா நாலு அட்டை கொடுக்க மாட்டாங்களா? ஃபார்மலின்ல போட்டு பஸ்ல எடுத்துட்டு வந்துரு" என்றார்.

எனக்குக் கை நடுங்கியது. அட்டையோடு பிடிபட்டு ஜெயிலுக்குப் போனவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். முதல் அட்டவணை உயிருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அத்தாவிடம் போனில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "படிப்புக்குன்னு சொன்னா செக்போஸ்ட்ல விட்டுருவாங்களா? உனக்குக் கொடுத்தவனையும் சேர்த்துல்ல பிடிப்பாங்க" என்றார். நான் முடியாது என்று கைடிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த லேபில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவது நின்றது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் முக்கியம். மன்னார் வளைகுடாவில் வேலை செய்வது மற்ற இடத்தில் வேலை செய்வது மாதிரி இல்லை. தூத்துக்குடியில் இருந்து மண்டபம் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும் 1986-ல் இருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அந்த எல்லைக்குள் இறங்கவே அனுமதி வேண்டும். அட்டை மட்டும் இல்லை, பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, ஆமை, ஆவுளியா என்ற கடல் பசு எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. சில சிப்பி, சங்கு வகைகளும் அட்டவணையில் இருக்கின்றன. ஆகவே தலைப்பு பேசும்போதே கைடிடம் கேளுங்கள்: இந்த உயிர் அட்டவணையில் இருக்கிறதா? இந்த இடம் பூங்காவுக்குள் வருகிறதா? உங்கள் லேப் இதற்கு முன் அனுமதி வாங்கியிருக்கிறதா? வாங்கியிருந்தால் அந்த ஆணையின் நகலைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. உண்மையாகவே வேலை செய்கிற லேபில் அது ஃபைலில் தயாராக இருக்கும். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், உங்கள் வருடங்களில் ஒன்றோ இரண்டோ அந்தப் பதிலிலேயே போய்விடும்.

இன்னொன்று காற்று. என் முதல் ஆய்வுத் திட்டத்தில் மன்னார் வளைகுடாவில் நான்கு இடங்களில் மாதா மாதம் மாதிரி எடுப்பது என்று எழுதியிருந்தது. அதை எழுதச் சொன்னவர்களுக்குக் கச்சான் என்றால் என்ன, வாடை என்றால் என்ன என்று தெரியாது. தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிக் கிடக்கும், சின்ன வள்ளம் தீவுப் பக்கம் ஒதுங்க முடியாது. வடகிழக்கில் இருந்து வாடைக் காற்று எழுந்தால் வடகடல், அதாவது பாக் விரிகுடா, அதே மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது கரைக்கு வரும் மீனை நம்பி ஆய்வு செய்கிறவர்களுக்குப் பாதி வேலை நிற்கும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அதே பருவத்துக்கு மறு வருடம் வரை காத்திருக்க வேண்டும். வள்ளம் வாடகை, டீசல், கூட வருகிறவருக்குக் கூலி என்று ஒரு தடவை போய்வர மூவாயிரம், நாலாயிரம் சர்வசாதாரணமாக ஆகும். இதை யார் கொடுப்பார்கள் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பணத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நான் பேசுகிறேன். எனக்கு ஜே.ஆர்.எஃப்., அதாவது நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் வாங்கும் பெல்லோஷிப் (மாத ஆய்வு உதவித்தொகை), இல்லை. "புராஜெக்ட் ஒண்ணு வருது, அதுல உன்னைப் போட்டுடுறேன்" என்று கைடு சொன்னதை நம்பித்தான் அம்மா வளையலை அடகு வைத்து முதல் கட்டணம் கட்டினார். புராஜெக்ட் கடைசி வரை வரவில்லை. வளையலுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. மாதக் கடைசியில் விடுதியில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்த நாட்கள் உண்டு. வீட்டில் சொல்லவில்லை.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2023 ஜனவரியில் இருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். என்ற மூத்த நிலைக்கு உயர்ந்தால் 42,000, அதோடு வீட்டு வாடகைப்படி. கையில் அது இருந்தால் கைடைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இல்லாவிட்டால் கைடு கொடுப்பதை எடுத்துக்கொள்ளும் இடத்தில். நான் சொல்வது கடுமையாக இருக்கலாம், ஆனால் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து லைஃப் சயின்ஸ் நெட் படிப்பது நஷ்டம் இல்லை. 2024 ஜூனில் இருந்து நெட் தேர்விலேயே பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று ஒரு பிரிவும் வந்துவிட்டது. அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குச் செல்லும். நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. ஆனால் அந்தப் பிரிவில் பெல்லோஷிப் கிடையாது, குழப்பிக்கொள்ளாதீர்கள். சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் பெல்லோஷிப் 2022-23-ல் இருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு அதை நம்பிச் சேர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். புராஜெக்டில் எடுக்கிறோம் என்று சொன்னால், எந்த நிறுவனம் நிதி கொடுக்கிறது, எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது, பணி ஆணை எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். ஆணை கையில் வராத புராஜெக்டை இல்லாத புராஜெக்ட் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். தலைப்பை மாற்றித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது 2023-ல் கைடு ஓய்வு பெற்றார். அவர் ஓய்வு பெறப்போகிறார் என்பது என்னைத் தவிர அந்தத் துறையில் எல்லோருக்கும் நான் சேர்ந்த அன்றே தெரியும். இப்போது இதற்கு விதி இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஸ்காலர், அதாவது ஆய்வு மாணவர், எடுக்கக் கூடாது. ஓய்வுக்குப் பிறகு அவர் இணை வழிகாட்டியாக மட்டும், அதுவும் 70 வயது வரைதான் இருக்கலாம். விதி இருந்தாலும் நீங்களே கேட்டுவிடுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் 65 வயதில் ஓய்வு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு என்பதுதான் வரம்பு. ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால், உங்களுக்கு அவர் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பதும் தெரிந்துவிடும்.

புதிய கைடு கிடைக்கவில்லை. கடல் வேலை தெரிந்தவர் அந்தத் துறையில் வேறு யாரும் இல்லை. வெளியேறுவது என்று முடிவு செய்தேன். சேர்வதைவிட அது கஷ்டம். நூலகம், விடுதி, துறை, நிதிப் பிரிவு என்று ஒவ்வொரு மேசையிலும் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் கையெழுத்து. நான் தொடவே தொடாத ஒரு கருவிக்குப் பொறுப்பு என் பெயரில் எழுதியிருந்தது, அதைத் தீர்க்கவே பல வாரம். இடம் மாறும் பெண் ஸ்காலர், திருமணம் காரணமாகவோ வேறு காரணமாகவோ, தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்று யு.ஜி.சி. விதியில் இருக்கிறது. நிதி நிறுவனம் கொடுத்த புராஜெக்டின் தரவாக இருந்தால் மட்டும் முடியாது. இதை எடுத்துக் காட்டிய பிறகுதான் தடையில்லாச் சான்று நகர்ந்தது. எனக்கு எடுத்துச் செல்லத் தரவு பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்கு இருக்கலாம். மாதிரிக் குறிப்பேடு, படங்கள், கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். கட்டிய ஒவ்வொரு ரசீதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஊருக்குத் திரும்பி வந்தபோது அழுதேன். "என்னம்மா, முடிஞ்சிருச்சா?" என்று தெருவில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் கொஞ்ச காலம் வெளியே போகாமல் இருந்தேன். அத்தா ஒருநாள், "பழைய வள்ளம் வாங்கும்போது பெயிண்டையா பார்க்குறோம்? கவுத்துப்போட்டு அடியைத்தானே பார்க்குறோம்? உன் காலேஜையும் அப்படிப் பாரு" என்றார். அடியை எப்படிப் பார்ப்பது என்று தேடித்தான் ஷோத்கங்காவுக்குப் போனேன்.

ஷோத்கங்கா என்பது நாட்டின் பல்கலைக்கழகங்கள் தங்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் போட்டு வைக்கும் இணையச் சேமிப்பு. இலவசம். கைடின் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் வரும். பத்து வருடமாகக் கைடாக இருப்பவரிடம் ஒரே ஒரு ஆய்வேடு என்றால், மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று விசாரிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றிலும் நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். எல்லோரும் தாண்டிப் போகும் பக்கம் அது, ஆனால் எனக்கு அதிகம் சொன்னதே அதுதான். வனத்துறைக்கு நன்றி என்ற வரி இருக்கிறதா? எந்த பெல்லோஷிப்புக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்? மாதிரிகளைச் சோதிக்க எந்தெந்த வெளி நிறுவனங்களை நாடியிருக்கிறார்கள்? எட்டு இடத்துக்கு நன்றி சொல்லியிருந்தால் அந்த லேபில் கருவி இல்லை, ஒவ்வொரு சோதனைக்கும் வெளியே பணம் கட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். செய்முறை இயலில் எந்த மாதங்களில் எங்கே மாதிரி எடுத்தார்கள் என்று இருக்கும். கடலை அறிந்து எழுதியதா என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அப்படித் தேடியபோதுதான் எனக்கே உறைத்தது, நம் கடற்கரையைச் சுற்றியே எவ்வளவு இருக்கிறது என்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கியது. 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகமே மண்டபம் கேம்ப்தான். இப்போதும் அங்கே அதன் மையம் இயங்குகிறது. பக்கத்திலேயே பாவ்நகர் உப்பு, கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. கொஞ்சம் தள்ளினால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி. ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலை செய்தால் பட்டம் யார் பெயரில் வரும் என்பதை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் நிறுவனத்துக்கென்றே பட்டம் வழங்கும் அமைப்பு இருக்கும், சில இடங்களில் வேறு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் தனி. ஊருக்குப் பக்கம் என்பதற்காகவே ஓர் இடம் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. இங்கேயும் விசாரித்துத்தான் சேர வேண்டும்.

இரண்டாவது தடவை நான் கைடைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்காலர்களைப் பார்த்தேன். லேபுக்கு வெளியே, டீக்கடையில், கைடு இல்லாத இடத்தில். சம்பளம் மாதா மாதம் வருகிறதா, கெமிக்கல் யார் வாங்குகிறார்கள், எழுதிக் கொடுத்த இயலை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார், கட்டுரையில் உங்கள் பெயர் முதலில் வருகிறதா, வீட்டு வேலை சொல்கிறாரா என்று கேட்டேன். மூத்த ஸ்காலர் ஒரு அக்கா பதில் சொல்லாமல் சிரித்த இடங்களையும் குறித்துக்கொண்டேன். அப்படிக் கேட்டுத் தேர்ந்த கைடு, முதல் சந்திப்பிலேயே தலைப்பைச் சொல்லாமல் வரைபடத்தை விரித்தார். கட்டக்கோரை என்ற கடல்பாசிக்குள் வாழும் சிறு உயிர்கள் என்று முடிவு செய்தோம். அட்டவணையில் இல்லாத உயிர், வடகடல் ஓரத்தில் பூங்கா எல்லைக்கு வெளியே நடந்து போய் எடுக்கும் இடங்கள். பாசி எடுக்கப் போகும் எங்கள் ஊர் அக்காமார் எந்த மாதம் எங்கே கோரை அடர்ந்து நிற்கும் என்று சொன்னதை கைடு உட்கார்ந்து எழுதிக்கொண்டார். கோர்ஸ் ஒர்க்கை மறுபடி செய்ய வேண்டி வந்தது, முதல் இடத்துக் கட்டணம் ஒரு பைசா திரும்பவில்லை. ஆனாலும் முதல் வருடமே கையில் மாதிரி இருந்தது. இப்போது ஆய்வேட்டுக்கு முன் கொடுக்க வேண்டிய ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுத்துவிட்டேன்.

வேறு சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். போகாமலே பட்டம், மொத்தமாக இவ்வளவு என்று பேசும் ஏஜென்ட்கள் நம் பக்கமும் வருகிறார்கள். 2025 ஜனவரியில் ராஜஸ்தானில் மூன்று பல்கலைக்கழகங்கள் ஐந்து வருடத்துக்கு பிஎச்.டி. மாணவரைச் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. தடுத்தது. அங்கே பணம் கட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை போடும் இதழ்களையும் தொடாதீர்கள். அதில் கட்டுரை வந்தால் நாளைக்கு வேலைக்குப் போகும்போது உங்கள் பெயருக்குத்தான் கேடு.

பெண் பிள்ளைகளுக்கு: முழு காலம் ஆறு வருடம் என்றால் உங்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம் உண்டு, மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் விதியில் இருக்கிறது. கல்யாணப் பேச்சு வரும்போது வீட்டில் இதை எடுத்துச் சொல்லுங்கள், படிப்பை நிறுத்துவதைத் தவிர வேறு வழி உண்டு என்று தெரியட்டும். மாதிரி எடுக்கப் போகும்போது லேபில் இருந்து கூட யார் வருவார்கள், அன்று இரவு தங்க வேண்டி வந்தால் எங்கே என்பதைச் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். முடிந்தால் கட்டணம் கட்டும் முன் வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்கு ஒரு தடவை போய் வாருங்கள். அந்த ரயில் செலவு ஆயிரமோ இரண்டாயிரமோதான். அங்கே ஸ்காலர்களோடு தனியாகப் பேச விடவில்லை என்றால், கட்டணம் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.